ஏற்போர் மிகுதி

அந்தப் பெஞ்சுல உக்காராதீங்க சார், ஒரு கால் ஆடும். இப்படி வந்துடுங்க. அம்மாவா உள்ள போயிருக்கிறது? பயப்படாதீங்க. ஸ்கேனுன்னா நேரம் ஆவத்தான் செய்யும். மெஷினு தயாராவணும், டாக்டர் வரணும், வர்ற டாக்டர் டீ குடிச்சிட்டு வரணும். நான் இந்தக் கதவுக்குத்தான் காவல். தொறக்கிறது, மூடுறது, அவ்வளவுதான் வேலை.

யம்மா! ஏ யம்மா! அங்க போவாதீங்க, அது பிரசவ வார்டு! இடது பக்கம் திரும்புங்க!

ஏன் சார் காதைப் பொத்திக்கிறீங்க? சத்தமாவா இருந்துச்சி? பழக்கம் சார், தப்பா எடுத்துக்காதீங்க. முன்ன எனக்கு ஓ.பி.யில பேர் கூப்பிடுற வேலை. மைக்கு ரிப்பேர்னு போய் சொன்னா சூப்ரண்டு ஐயா சிரிப்பாரு. "கலிவரதன் இருக்கும்போது மைக்கு எதுக்குய்யா"ன்னுவாரு. ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் டீ குடிச்சிக்கிட்டு நிக்கிற பேஷண்டு என் சத்தம் கேட்டு கிளாசை வெச்சிட்டு ஓடியாந்திருக்கான். இப்ப அந்த வேலை இல்ல. ஏன் மாத்துனாங்கன்னு கேக்குறீங்களா? கேக்கலையா? பரவால்ல, சொல்றேன். எப்படியும் உக்காந்துதானே இருக்கப் போறீங்க.

நம்ம சர்க்காரு பட்ஜெட் செல்லாதுன்னு கோர்ட்டு சொல்லுச்சே, பேப்பர்ல பாத்திருப்பீங்க. பாத்தீங்க, ஆனா புரியல. யாருக்கும் புரியல சார். அதுல மாட்டிக்கிட்டு முழிக்கிற ஆளு நானு.

இருபத்திரெண்டு வருஷமா இந்த ஆஸ்பத்திரியில காண்ட்ராக்ட்டு. வர்ற தை வந்தா அறுபது முடியுது, வீட்டுக்குப் போவ வேண்டியதுதான். காண்ட்ராக்ட்டுல போனா ஒரு மாலை, ஒரு சால்வை, கூட நின்னு ஒரு போட்டோ. அதோட சரி. பர்மனென்ட் ஆயிட்டுப் போனா பென்ஷன் வரும். எனக்கு எதுக்கு சார் பென்ஷன், நான் இந்த வயசுல மூட்டை கூட தூக்குவேன். எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. வேதவல்லி. முப்பது வயசாவுது. பொறக்கும்போதே மூச்சு முட்டி, கை கால் வரல. சோறு ஊட்டணும், புரட்டிப் படுக்க வைக்கணும். பேச்சும் நாலு வார்த்தைதான். சோறு, தண்ணி, அம்மா, அப்பா. அவங்கம்மா போய்ச் சேந்தப்புறம் அம்மாங்கிற வார்த்தையையும் விட்டுட்டா. அந்த மாதிரி பிள்ளைக்கு, அப்பன் பர்மனென்ட்டா இருந்து செத்தா, குடும்பப் பென்ஷன் ஆயுசு முழுக்க வரும்னு விதி இருக்கு. அது வந்தா பக்கத்து வீட்டு மங்கவரம் கையில குடுத்து, அவளைப் பாத்துக்கம்மான்னு சொல்லிட்டு நான் நிம்மதியா கண்ண மூடுவேன். வரலன்னா? அதை நெனச்சா எனக்கு சோறு எறங்காது சார்.

போன பட்ஜெட்டுலதான் விடிவு வந்துச்சி. ஆஸ்பத்திரி ஒப்பந்த ஊழியர் எல்லாரும் நிரந்தரம்னு மந்திரி படிச்சாரு. படிச்சா மட்டும் ஆவாதாம். சபையில ஓட்டுக்கு விட்டு, சட்டமா நிறைவேத்துனாத்தான் கஜானாவிலேர்ந்து பணத்தை எடுக்க முடியும். எங்க சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி, தொகுதி எம்.எல்.ஏ. வீட்டுக்கு நடையா நடந்து பாஸ் வாங்கியாந்தாரு. "நம்ம வயித்துல பால வார்க்கிற சட்டம்யா, நிறைவேறும்போது நாம மேல உக்காந்து கண்ணால பாக்கணும்"னாரு. ஒரு பஸ்ஸு நிறைய போனோம். காக்கி யூனிபார்மை வெளுத்துத் தேச்சிப் போட்டுக்கிட்டு, பொம்பளைங்க எல்லாம் பூ வெச்சிக்கிட்டு. கல்யாணத்துக்குப் போற மாதிரிதான் சார்.

பார்வையாளர் மாடத்துல ஆயிரத்தெட்டு சட்டம். போனை வாங்கி வெச்சிக்கிட்டாங்க. கால் மேல கால் போடக்கூடாது. எழுந்து நிக்கக்கூடாது. கை தட்டக்கூடாது. மந்திரியைப் பாத்துக் கும்பிடக்கூடாது. எல்லாத்துக்கும் சரின்னோம். பேசக்கூடாதுன்னு சொன்னாங்களான்னு அப்புறம் எங்க சங்கத்து வக்கீலம்மா கேட்டாங்க. சொன்னாங்க. பேசல. பேசறது வேற, குரல் குடுக்கிறது வேற.

நான் குரல் குடுத்தேன்னு சொல்லல சார். பொதுவா சொல்றேன்.

எங்க சங்கத்துல ஒரு பழக்கம். கேட் மீட்டிங்னு சொல்லுவோம், ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு நடத்துறது. செயலாளர் தீர்மானத்தைப் படிப்பாரு. படிச்சி முடிச்சி "சம்மதமா?"ம்பாரு. உடனே குரல் குடுக்கணும். கொஞ்சம் தாமசமாச்சின்னா காண்ட்ராக்டர் உள்ளேர்ந்து பாத்துக்கிட்டு இருப்பான், ஆளுங்களுக்குள்ள பிளவுன்னு நெனச்சிடுவான். குரல் குடுக்காம நிக்கிறவன் காண்ட்ராக்டர் ஆளு. அப்படித்தான் வளந்தோம். எங்க முதல் குரல் எப்பவும்... சரி, அது எதுக்கு இப்ப.

அன்னைக்கு சபையில என்ன நடந்துச்சின்னா, எதிர்க்கட்சிக்காரங்க என்னமோ கத்திட்டு, பேப்பரைக் கிழிச்சிப் போட்டுட்டு வெளிநடப்பு பண்ணிட்டாங்க. போனா போறாங்க, ஆளுங்கட்சி இருக்கேன்னு பாத்தா, அங்க வேற கூத்து. வாரியத் தலைவர் பதவி குடுக்கலன்னு பாதிப் பேருக்கு முதலமைச்சர் மேல கோவம். மூஞ்சத் தூக்கி வெச்சிக்கிட்டு உக்காந்திருக்காங்க. ஒருத்தர் கொட்டாவி விடுறாரு. ஒருத்தர் நகத்தைக் கடிக்கிறாரு. எங்க எம்.எல்.ஏ.வும் அந்தக் கூட்டத்துலதான். இதெல்லாம் எங்களுக்கு அப்ப தெரியாது. பெரிய மனுசங்க, யோசனையில இருக்காங்கன்னு நெனச்சோம்.

சபாநாயகரு வயசானவரு. அங்க வாயால சொல்றதுதான் ஓட்டு. பேப்பர்லேர்ந்து தலையை எடுக்காம கேட்டாரு. "ஏற்போர் ஆம் என்க." ஒருத்தரும் வாய் தொறக்கல சார். அந்தக் கூடம் அப்படியே கம்முனு கெடக்கு. ஐயோ, கேட்டாச்சே, யாராவது சொல்லுங்களேன்யா, என் பொண்ணு சோறுய்யா அதுன்னு மனசு அடிச்சிக்குது. அப்பதான் ஒரு சத்தம் வந்துச்சி. "ஆம்!"

நல்ல சத்தம். கண்ணாடி எல்லாம் அதிர்ந்துச்சி. சபாநாயகரு அப்பவும் நிமிரல. "மறுப்போர் இல்லை என்க"ன்னாரு. யாரு சொல்லுவா? "ஏற்போர் மிகுதி. நிறைவேறியது." முடிஞ்சி போச்சி.

எங்கேர்ந்து வந்துச்சின்னா கேக்குறீங்க? அது பழைய கட்டடம் சார், உயரமான கூரை. எங்க சொன்னாலும் எங்கயோ கேக்கும். எனக்கு எல்லாரும் சேந்து சொன்ன மாதிரிதான் இருந்துச்சி. புனிதவதியா கூட இருக்கலாம். பொம்பளை வார்டு ஆயா, என் பக்கத்துலதான் உக்காந்திருந்தா, அவளுக்கும் தொண்டை பெருசுதான். ஆம்பளைக் குரல்னு சொல்றாங்க. சொல்லுவாங்க, அவங்களுக்கு என்ன.

வெளிய வந்து ஒருத்தரை ஒருத்தர் கட்டிப் பிடிச்சிக்கிட்டு அழுதோம். தட்சிணாமூர்த்தி என்னைத் தூக்கி ஒரு சுத்து சுத்துனாரு. "கலி, நீதான்யா!"ன்னாரு. எதுக்கு அப்படிச் சொன்னாருன்னு தெரியல, சந்தோசத்துல சொல்றதுதான். ஜிலேபி வாங்கிட்டுப் போயி வேதாவுக்குப் பிட்டுப் பிட்டு ஊட்டுனேன். கன்னமெல்லாம் பாகு ஒழுவ சிரிச்சிது அது. மறு மாசமே பர்மனென்ட் ஆர்டரும் கைக்கு வந்துடுச்சி. பூஜை மாடத்துல, அவங்கம்மா படத்துக்குக் கீழ வெச்சிக் கும்பிட்டேன்.

அதுக்கப்புறம்தான் சார் வெனை. வெளிநடப்பு பண்ணுன எதிர்க்கட்சிக்காரங்க சும்மா போவல. வெளிய ஓய்வறையில டிவி இருக்கு, சபையில நடக்குறது அதுல தெரியும். அதைப் பாத்திருக்காங்க. படத்துல உறுப்பினர் வாய் எல்லாம் மூடியிருக்கு, சத்தம் மட்டும் வருது. ஓட்டுப் போட உரிமை இல்லாத யாரோ மாடத்துலேர்ந்து போட்ட சத்தத்தை வெச்சி பட்ஜெட்டை நிறைவேத்திட்டாங்க, இது செல்லாதுன்னு கேஸ் போட்டுட்டாங்க. கோர்ட்டும் தடை குடுத்துடுச்சி. எங்க ஆர்டர் நிறுத்தி வெப்பு. மறுபடியும் காண்ட்ராக்ட்டு.

எங்க சங்கத்துக்கு வக்கீலு ஜெயசீலி அம்மா. நல்ல மனுசி, காசு பெருசா வாங்கல. அவங்க எங்களை உக்கார வெச்சி சொன்னாங்க. "சபைக்குள்ள நடந்த முறைத் தவறை கோர்ட்டு கிளற முடியாது. சபாநாயகர் நிறைவேறியதுன்னு சொல்லிட்டா பொதுவா அதோட முடிஞ்சது. ஆனா அவங்க என்ன சொல்றாங்கன்னா, ஓட்டை எண்ணுனதுல தப்புன்னா அது முறைத் தவறு, ஓட்டே விழலன்னா அங்க சட்டமே பொறக்கலைங்கிறாங்க. அதனால அந்தக் குரல் உறுப்பினர் குரலா, மாடத்துக் குரலாங்கிறதுலதான் எல்லாம் நிக்குது." எனக்குப் புரிஞ்சது ஒண்ணுதான் சார். நாங்க யாரும் வாய் தொறக்கலன்னா, அது கீழேர்ந்து வந்த குரல். கீழேர்ந்து வந்திருந்தா, என் ஆர்டர் உயிரோட இருக்கும்.

எல்லாரும் பிரமாணப் பத்திரம் எழுதிக் குடுக்கணும்னு தட்சிணாமூர்த்தி முடிவு பண்ணுனாரு. நானும் என் கூட இருந்தவர்களும் வாய் திறக்கவில்லைன்னு. நான்தான் முதல் கையெழுத்து. இந்தப் புனிதவதி மட்டும் மொரண்டு புடிச்சா. "நான் வாய் தொறக்கல, அதை எழுதித் தர்றேன். பக்கத்துல இருந்தவங்களும் தொறக்கலன்னு எப்படிண்ணே எழுதறது? ஞாயித்துக்கிழமை நான் மாதா கோயிலுக்குப் போவணும்"னா. சொல்லிட்டு என்னைப் பாக்குறா. என்னை எதுக்குப் பாக்கணும்? அவளுக்கு இந்தப் பக்கம் நான் இருந்தா, அந்தப் பக்கம் லிப்ட்டு ஆளு ஒருத்தன் இருந்தானில்ல? அவனைப் பாக்க வேண்டியதுதானே. ஒரு ஆளு பிடிவாதத்தால கேஸுல ஓட்டை விழுந்துடுச்சின்னு நான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். மறுநாள் அவ வேதாவுக்குன்னு ஒரு டப்பாவுல புட்டு குடுத்தனுப்புனா. அவளை எனக்குப் புரிஞ்சிக்கவே முடியல சார்.

விசாரணைக்கு எல்லாரும் கெளம்புனோம். ஜெயசீலி அம்மா என்னைத் தனியா கூப்பிட்டு, "கலிவரதன், நீங்க வர வேணாமே. பொண்ணு தனியா இருப்பாளே"ன்னாங்க. அந்த அம்மாவுக்கு எம்மேல அவ்வளவு அக்கறை. பொண்ணை மங்கவரம் பாத்துக்கும்மான்னு சொல்லிட்டு நான் போயிட்டேன். என் தலையெழுத்து தீர்மானமாவுற எடத்துல நான் இல்லன்னா எப்படி?

கோர்ட்டுல அந்த டேப்பைப் போட்டாங்க சார். ஒருதரம் இல்ல, திரும்பத் திரும்பப் போட்டாங்க. ஏற்போர் ஆம் என்க. கம்முனு இருக்கு. அப்புறம் அந்த சத்தம். எங்காளுங்க எல்லாரும் குனிஞ்சி தரையைப் பாக்குறாங்க. எங்க பக்கத்து சர்க்காரு வக்கீலு எழுந்து, குரல் யாருதுன்னு நிரூபிக்க முடியாது ஐயா, உறுப்பினர்ல யாராவது சொல்லியிருக்கலாம், படத்துல எல்லார் மூஞ்சியும் தெரியலன்னு அடிச்சிப் பேசுறாரு. நல்லாத்தான் பேசுனாரு. ஜட்ஜு ஐயாவும் தலையாட்டிக்கிட்டுக் கேக்குறாரு. எனக்குத் தெம்பு வந்துடுச்சி. செயிச்சிடுவோம்னே நெனச்சேன்.

அப்ப ஜட்ஜு ஐயா சும்மா ஒரு கேள்வி கேட்டாரு. "அன்னைக்கு மாடத்துல இருந்த தொழிலாளர்ல யாராவது இன்னைக்கு வந்திருக்காங்களா?"

கேட்டா பதில் சொல்லணுமா இல்லையா? பெரியவரு கேக்குறாரு, ஒருத்தரும் வாய் தொறக்க மாட்டேங்கிறாங்க. தட்சிணாமூர்த்தி கூட ஊமையாட்டம் நிக்கிறாரு. மரியாதைன்னு ஒண்ணு இருக்கில்ல சார். நான் எழுந்து, "வந்திருக்கோம் ஐயா!"ன்னேன்.

கூடமே திரும்பிப் பாத்துச்சி. ஜட்ஜு ஐயா மூக்குக் கண்ணாடியைக் கழட்டி என்னைக் கொஞ்ச நேரம் பாத்தாரு. கோவமா பாக்கல. பாவமாத்தான் பாத்தாரு. அந்தப் பக்கத்து வக்கீலு எழுந்தாரு, "எனக்கு மேற்கொண்டு வாதம் இல்லை"ன்னு உக்காந்துட்டாரு. அவ்வளவு நேரம் பேசுன ஆளு, திடீர்னு வாதம் இல்லைங்கிறாரு. சரக்கு தீந்துடுச்சி போலன்னு பக்கத்துல இருந்த லிப்ட்டு ஆளுகிட்ட சொன்னேன். அவன் எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிட்டான். ஜெயசீலி அம்மா முந்தானையால கண்ணைத் தொடைச்சிக்கிட்டாங்க. அந்தக் கூடத்துல தூசி அதிகம் சார்.

தீர்ப்பு வந்துச்சி. ஓட்டே விழலையாம். சட்டம் செல்லாதாம். குரலைப் பத்தி நாலு பக்கம் எழுதியிருக்காங்களாம், நான் படிக்கல. ஊருக்குத் திரும்பி வரும்போது பஸ்ஸுல எல்லாரும் முன்னாடி போயி உக்காந்துக்கிட்டாங்க, காத்து வரும்னு. எனக்குப் பின்னாடிதான் எடம் கெடச்சிது. அதுக்கப்புறம் டீ குடிக்கக் கூப்பிடுறதில்ல, அவங்க அவங்களுக்கு வேலை. சூப்ரண்டு ஐயா கூப்பிட்டு, "கொஞ்ச நாளைக்கு நீ ஸ்கேன் ரூமுல இருய்யா, ஓ.பி.யில உன் சத்தத்தைக் கேட்டா ஆளுங்க ஒரு மாதிரி ஆவுறாங்க"ன்னாரு. வயசாச்சின்னு ஓய்வு குடுக்குறாரு. நல்ல மனுசன்.

இருங்க சார், உள்ள கூப்பிடுறாங்களான்னு பாக்குறேன். இல்ல, இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. அம்மா படுத்திருக்காங்க, பேன் ஓடுது.

செல்லாதுன்னு ஆயிட்டா சர்க்காரு நின்னுடும்னு நெனச்சேன். ஒண்ணும் நிக்கல. அவசரமா சபையைக் கூட்டுனாங்க. மாடத்தைப் பூட்டிட்டாங்க. பழைய பட்ஜெட்டையே எடுத்து, முன்தேதி போட்டு, இதுவரைக்கும் செலவு பண்ணுனது எல்லாம் செல்லும்னு ஒரு வரி சேத்து, ஒரு காலை நேரத்துல நிறைவேத்திட்டாங்க. இந்தத் தடவை உறுப்பினரு எல்லாரும் கை தூக்குனாங்களாம், வாயும் தொறந்தாங்களாம். மந்திரிங்க கார் வாங்குனது செல்லுது. கடற்கரையில தண்ணி பீய்ச்சி அடிக்குதே, அது செல்லுது. எங்க வரி மட்டும் அதுல இல்ல சார். ஒப்பந்த ஊழியர் நிரந்தரம்னு இருந்துச்சே, அந்த ஒரு வரி.

எம்.எல்.ஏ. வீட்டுக்கு ஓடுனேன். வாசல்ல புதுப் பலகை மாட்டியிருக்கு, வாரியத் தலைவர்னு. அன்னைக்கு வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தவங்க எல்லாருமே இன்னைக்கு எதாவது ஒண்ணுக்குத் தலைவரு. அவரு என்னைப் பாத்ததும், "உங்க விஷயம் கோர்ட்டு வரைக்கும் போயி நாறிடுச்சிய்யா, அதைத் தொட்டா மறுபடி எவனாவது கேஸ் போடுவான். அடுத்த வருஷம் பாக்கலாம்"னாரு.

"ஐயா, எனக்குத் தையோட முடியுதுங்க"ன்னேன்.

"அதுக்கு நான் என்னய்யா பண்ண முடியும்?"னாரு. நெசமாத்தான் கேட்டாரு சார். கும்பிட்டுட்டு வந்துட்டேன்.

வீட்டுக்கு வந்தா டிவியில இதே நியூஸ். மங்கவரம் போட்டு வெச்சிருக்கு, வேதா கட்டில்ல படுத்துப் பாத்துக்கிட்டு இருக்கா. இந்தக் குரலாலதான் எல்லாம் வந்ததுன்னு சொல்லி அந்த டேப்பைப் போடுறான். "ஆம்!" வேதா துள்ளுது சார். கட்டிலே ஆடுது. கையை டிவி பக்கம் காட்டி, "அப்பா! அப்பா!"ங்கிறா. வாயெல்லாம் சிரிப்பு.

"இல்லம்மா, அது யாரோ"ன்னு சொல்லி டிவியை அமத்திட்டேன். அழ ஆரம்பிச்சிட்டா. அவ அழுதா மூச்சு வாங்கும், கண்ணு மேல போயிடும். பயந்துபோயி திரும்பப் போட்டேன். அதுக்குள்ள நியூஸ் முடிஞ்சி எண்ணெய் விளம்பரம் ஓடுது. அவ அப்பா அப்பான்னு டிவியைக் கேக்குறா. நான் பக்கத்துலயே நிக்கிறேன், என்னைப் பாக்க மாட்டேங்கிறா. என்ன சார் பண்றது? மங்கவரத்தை அனுப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, அவ கட்டில் பக்கத்துல உக்காந்து நானே ஒருதரம் சொல்லிக் காட்டுனேன். ஆம்னு.

சிரிச்சிட்டா.

அதுலேர்ந்து தெனமும் சாயங்காலம் கேக்குறா சார். தெனமும் சொல்றேன். மெதுவாத்தான் சொல்றேன், பக்கத்து வீட்டுக்குக் கேக்கக் கூடாதில்ல.